கை கொடுக்காத ஞாயிறு

"உங்க ஜெபம் எப்ப முடியும்?" என்று குடியேற்றத் துறை அதிகாரி கேட்டபோது வாசலில் நின்றிருந்தது நான்தான்.

மௌனமாக உட்கார்ந்தே ஜெபிக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் நாங்கள்; பொய் சொல்வதில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கலாம், அது எனக்குத் தோன்றவில்லை. "எங்க பெரியவர் தர்ஸ்டன் பக்கத்துல இருக்கறவருக்குக் கை கொடுப்பாரு. அதோட முடிஞ்சுது."

"அப்ப முடியட்டும். நடுவுல புகுந்து இழுத்தா நாளைக்குப் பேப்பர்ல எங்க மூஞ்சிதான் வரும்" என்று அவர் தன் கூட்டாளியுடன் உள்ளே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர்கள் தேடி வந்த டெல்மி, எல் சால்வடாரிலிருந்து வந்தவள். ஐந்து மாதமாக எங்கள் கூடத்தின் பின்னறையில்தான் வாசம். வெளியே கால் வைத்தால் நாடு கடத்திவிடுவார்கள்; அவளுடைய மகள்கள் இருவரும் இதே ஊரில் படிக்கிறார்கள். "பேசாம உக்காந்திருக்கறதுக்கு ஒரு மதமா!" என்று எங்களைக் கேலி செய்பவள், அன்று முதல் பெஞ்சில் உதட்டைக் கடித்தபடி இருந்தாள்.

தர்ஸ்டனின் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"அதையுமா சொன்னே?"

"கேட்டாங்களே."

"நல்லா சொன்னே, போ."

அவர் எங்களைப் பார்த்தபடி இருந்த எதிர்ப் பெஞ்சின் நடுவில் தனியாகப் போய் உட்கார்ந்தார். இரு கைகளும் முழங்கால்மேல்.

வழக்கமாக ஒரு மணி நேரம். அன்று இரண்டானது, மூன்றானது. அதிகாரிகள் இருவரையும் சேர்த்துப் பதினோரு பேர்தான் இருந்தோம். ஆனால் பெஞ்சுகள் முனகிக்கொண்டே இருந்தன, யாரோ ஒவ்வொருவராக வந்து உட்காருவதுபோல. ஜன்னல்களில் வெயில் பளீரென்று அடித்தும் கூடம் குளிர்ந்தது. மூச்சுச் சத்தம் பதினோரு பேருடையதாக இல்லை.

அதிகாரி பொறுமையிழந்து எழுந்தார். நேராக தர்ஸ்டனிடம் போய்க் கையை நீட்டினார். "வாங்க பெரியவரே, முடிச்சுடலாம்."

"மன்னிக்கணும். கை காலியா இல்ல."

"விளையாடறீங்களா? சும்மாத்தானே வெச்சிருக்கீங்க?"

"இல்ல தம்பி. ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சிருக்காங்க."

தர்ஸ்டன் பொய் சொல்லி எண்பது வருடத்தில் யாரும் கேட்டதில்லை. அவருடைய விரல்கள் வெளுத்திருந்தன; புறங்கையில் தோல் நான்கு நான்கு இடங்களில் குழிந்திருந்தது. இரு பக்கமும் வெறும் பலகை.

அதிகாரி நீட்டிய கையோடு என் பக்கம் திரும்பினார். எனக்கும் கை எழவில்லை. ஈரமான, மெலிந்த விரல்கள் என் விரல்களுக்கிடையே நுழைந்திருந்தன.

திடீரென்று அவர் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு காற்சட்டையில் தேய்த்தார், திரும்பத் திரும்ப. "இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டு வேகமாக வெளியேறினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

டெல்மி எழுந்தாள். "போயிட்டாங்க தர்ஸ்டன். இப்ப முடிச்சுடலாமே?"

அவர் முயன்று பார்த்தார். தோள்தான் அசைந்தது.

"விடமாட்டேங்கறாங்க, டெல்மி. வண்டி தெருமுனையிலதான் நிக்குதாம்."

டெல்மி மறுபடி உட்கார்ந்தாள்.