நின்ற சிங்கம்

ஆற்றின் இரு கரையிலும் இரண்டு சிங்கக் கூட்டங்கள். இரண்டையும் காத்தவை கூடப்பிறந்த இரண்டு ஆண் சிங்கங்கள்: ஒன்றுக்குப் பிடரி கறுப்பு, மற்றதற்குக் காது கிழிந்திருந்தது. மாலையில் ஒன்று இக்கரையில் கர்ஜிக்கும், மற்றது அக்கரையிலிருந்து பதில் தரும். வெளி ஆண் சிங்கங்கள் எதுவும் நெருங்கியதில்லை. குட்டிகள் வளர்ந்தன. வரிக்குதிரை கிடைக்கும்வரை மாடுகளை அவை திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வறட்சியில் அக்கரையில் மட்டும்தான் புல் மிஞ்சியிருந்தது. மாசாய் மேய்ப்பன் கொய்னெத் தன் மாடுகளை அங்கேதான் ஓட்டிப்போனான்.

ஒரு காலையில் காது கிழிந்த சிங்கம், கொய்னெத்தோடு மேய்ச்சலுக்கு வந்த சிரோங்காவின் சிவப்புப் பசுவை அடித்தது. ஈட்டிகள் வெளியே வந்தன.

"விட்டுடுடா. அதுங்க இருக்கறதாலதான் அக்கரை அமைதியா இருக்கு," என்றான் கொய்னெத்.

"ஈட்டி கனமாயிடுச்சா உனக்கு? உன் பொண்டாட்டி கையில இருக்கற குடுவைய வாங்கிக்கோ. உக்காந்து பால் கற," என்றான் சிரோங்கா.

எல்லாரும் சிரித்தார்கள். கொய்னெத்தும் ஈட்டியை எடுத்தான்.

செத்த பசுவின் அருகே இரண்டு சிங்கங்களும் இருந்தன. ஆட்களைக் கண்டதும் காது கிழிந்தது பள்ளத்தில் இறங்கி ஓடியது. ஓடும் சிங்கத்தின் முதுகில் ஈட்டி எறிவது அந்த மாசாய் ஆண்களுக்கு வெட்கம். கறுத்த பிடரி நின்றது.

"அடிச்சது இது இல்லடா!" என்று கத்தினான் கொய்னெத்.

"நிக்கறது இதுதானே," என்றான் சிரோங்கா. ஈட்டி பாய்ந்தது.

அன்று மாலை காது கிழிந்தது இக்கரையில் கர்ஜித்தது. பதில் இல்லை. சில நாட்கள் இரு கரைக்குமாக அலைந்தது. பிறகு அக்கரைக்கு மூன்று புதிய ஆண் சிங்கங்கள் வந்தன. ஒரு சண்டைக்குப் பின் அது ஆற்றைக் கடக்கவில்லை. புதியவை அக்கரைக் குட்டிகளைக் கொன்றன. தப்பிய குட்டிகளோடு பெண் சிங்கங்கள், மாடுகள் போகும் வழியிலிருந்த முட்புதருக்குள் ஒளிந்தன. அங்கே மாட்டைத் தவிர வேறு இரை இல்லை. கொய்னெத்தின் கறவை மாடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

சிரோங்கா ஈட்டியோடு வந்தான். "வா, இதுங்களையும் பாத்துடலாம்."

"குட்டியோட இருக்கற பொட்டைங்கடா. குத்துவியா?"

சிரோங்கா ஈட்டியைத் தரையில் ஊன்றினான். "இனிமே இங்க மேய்க்க முடியாது. நான் கிளம்பறேன்," என்றான் கொய்னெத்.

"எங்க போவ?"

"தெக்கால."

"அங்க புல்லே கிடையாதேடா. பாதி மாடு தாங்காது."

"தெரியும்."

கொய்னெத் தொழுவத்தின் முள்வேலியை விலக்கினான். நடக்கக்கூடிய மாடுகளை முதலில் வெளியே விட்டான்.