ஆதிலின் மூன்று வருடங்கள்

போர்ச்சுக்கல்லில் ஒரு ஆய்வுக்கூடம் ரூபினாவைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அங்கிருந்த பேராசிரியை இனெஸ் அவளுடைய கட்டுரைகளைப் படித்துவிட்டு, "வாருங்கள், இங்கே உங்களுக்கு இடம் உண்டு. ஆனால் சம்பளத்துக்கு எங்களிடம் பணம் இல்லை. ஏதாவது ஒரு ஃபெல்லோஷிப்பை நீங்களே தேடிக்கொண்டு வரவேண்டும்" என்று எழுதியிருந்தார். அந்தத் தேடலிலேயே ஒரு வருடம் ஓடிப்போனது.

ரூபினா மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கௌரவ விரிவுரையாளர். ஊரை ஒட்டிய பரவையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் வாழும் நத்தைகளைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. ஆடு மாடுகளின் ஈரலைக் கெடுக்கிற தட்டைப்புழு முதலில் நத்தைக்குள் வளர்கிறது. பிறகு கரையோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு ஆட்டின் வயிற்றுக்குள் போகிறது. கண்மாய் வற்றி மறுபடி நிறையும்போது எந்த நத்தை முதலில் திரும்பி வருகிறது, எதற்குள் புழு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எந்த மாதத்தில் எந்தக் கரையில் மேய்க்கக்கூடாது என்று சொல்லிவிடலாம். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் நத்தைகளை மரபணு பார்த்துத்தான் பிரிக்க முடியும். அந்த வசதி இனெஸிடம் இருந்தது.

ஐரோப்பாவில் நிதி கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் என்று வாரத்துக்கு ஒரு அறிவிப்பு வந்தது. ஒன்றில் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கவேண்டும் என்றார்கள், அவளுக்கு முப்பத்தெட்டு. ஒன்றில் நிரந்தர வேலையில் இருப்பவர்தான் வேண்டும் என்றார்கள். ஒன்றில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மட்டும். ரூபினா சலித்துப்போய் விட்டுவிட்டாள். விடாமல் தேடிக்கொண்டிருந்தவள் அதே துறையில் வேலை பார்க்கும் ஜெனி. அறிவிப்புகளின் அடியில் இருக்கும் பொடி எழுத்தை வாசிக்கிற பொறுமை ஜெனிக்குத்தான் உண்டு.

ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே ஜெனி சொன்னாள்:

"அக்கா, இது நமக்காகவே போட்ட மாதிரி இருக்கு. ரெண்டு வருசம், நாடு, துறை எதுவும் தடையில்ல. பிஹெச்.டி. முடிச்சு எட்டு வருசம் தாண்டியிருக்கக் கூடாதாம்."

"எனக்குப் பத்து ஆச்சு ஜெனி."

"இருங்க, முழுசாச் சொல்லிர்றேன். பிள்ளையப் பாத்துக்கிறதுக்காக வேலைய விட்டிருந்தா, அந்தக் காலத்தக் கழிச்சுக்கிருவாங்களாம். நீங்க மூணு வருசம் வீட்டுல…"

சொல்ல வந்ததை அப்படியே நிறுத்திக்கொண்டாள் ஜெனி. ரூபினா தலையைக் குனிந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அவன வச்சு நான் சலுகை வாங்கணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுடைய மகன் ஆதில் இருதயத்தில் கோளாறோடு பிறந்தவன். ரூபினா வேலையை விட்டுவிட்டு அவனுக்காகவே இருந்தாள். முதல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதற்கு உடம்பு தேற வேண்டுமென்று காத்திருந்தபோது, காய்ச்சல் கண்டு, மூன்று வயது முடிந்த கொஞ்ச நாளிலேயே மவுத்தாகிவிட்டான். யார் மேலும் தப்பில்லை. கபுரில் அடக்கிய நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் ரூபினாவின் கணவன் தௌஹீத், பிள்ளையின் சாமான்களையெல்லாம் மூட்டை கட்டி பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டு, கப்பலூரில் தான் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனிக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயரை இரண்டு பேருமே சொன்னதில்லை.

அடுத்த நாள் பரவைக் கண்மாயில் முழங்கால் தண்ணீரில் நின்று வலையை அலசும்போது ரூபினாவுக்கு அதே யோசனை. விண்ணப்பங்களுக்கு அனுப்பும் தன் விவரத்தில் அந்த வருடங்களுக்கு நேரே 'சொந்தக் காரணங்கள்' என்று போட்டிருந்தாள். அவளேதான் அப்படிப் போட்டாள். அவனுடைய மூச்சை எண்ணி எண்ணிப் பார்த்த காலம் அது. நீல நிறம் உதட்டில் ஏறுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த காலம். வாழ்க்கையில் வேறு எதையும் அவள் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அதைச் சொல்வது அவனை விற்பதா, சொல்லாமல் விடுவது அவனை மறைப்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கடைசியில் அந்த நிதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். 'மகனைக் கவனித்துக்கொள்ள மூன்று வருடம் வேலையை விட்டிருந்தேன். அவன் இப்போது உயிரோடு இல்லை. அந்த வருடங்கள் கணக்கில் வருமா?'

பதில் வந்தபோது அவள் காளவாசல் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஹன்னா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். 'கண்டிப்பாக வரும். நீங்கள் மகனைப் பார்த்துக்கொண்ட காலத்தை மட்டுமே நாங்கள் கேட்கிறோம். பிறப்புச் சான்றிதழ் ஒன்று போதும். வேறு சான்றிதழ் எதையும் நீங்கள் அனுப்ப வேண்டாம். உங்கள் மகனுக்காக மிகவும் வருந்துகிறேன்.'

வேறு சான்றிதழ் என்றால் எது என்று ரூபினாவுக்குப் புரிந்தது. அதன் பெயரைச் சொல்லாமலே விலக்கிவிட்ட அந்த முகம் தெரியாத பெண்ணை நினைத்து, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஏறவேண்டிய பஸ் போயே போய்விட்டது.

வீட்டில் தௌஹீத்திடம் கேட்டாள். "என்னங்க, ஆதிலோட பிறப்புச் சர்ட்டிபிகேட் வேணும்."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான். "அது எதுக்கு இப்ப?"

சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "இம்புட்டு வருசமா அவன் பேர நீ எடுக்கல. வெளிநாடு போகணும்னதும் எடுக்கிற" என்றான்.

"நீங்க எடுக்க விட்டீங்களா? பீரோ மேல ஏத்தி வச்சது யாரு?"

அவன் கழற்றிய சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போனான். அதற்கப்புறம் ஒரு வாரம் இரண்டு பேருக்கும் இடையே சாப்பாடு, கரண்ட் பில், சிலிண்டர் தவிர வேறு பேச்சில்லை. ரூபினா ஜெனியிடம், "வேணாம், விட்டுரு" என்று சொல்லிவிட்டாள். ஜெனி வற்புறுத்தவில்லை. "சரிக்கா. ஆனா ஆராய்ச்சித் திட்டத்த மட்டும் எழுதி முடிச்சுருங்க. அடுத்து எதுக்காச்சும் ஆகும்" என்றாள். அதனால் அதை மட்டும் எழுதி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து தௌஹீத் கம்பெனிக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து, ரூபினா கல்லூரியிலிருந்து வரும்வரை உட்கார்ந்திருந்தான். மேசைமேல் அந்தச் சான்றிதழ் இருந்தது. பீரோ மேல் இருந்த மூட்டை கீழே இறங்கி, முடிச்சு அவிழ்ந்து கிடந்தது.

"அவன் கபுருக்குப் போயிட்டு வந்தேன்" என்றான். "அவனப் பத்தி அதுல என்ன எழுதுவ?"

"நாலு வரி எழுத இடம் இருக்கு. என்ன காரணம், எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரைக்கும்னு."

"நாலு வரியா!" என்றான் அவன். மூட்டையைப் பார்த்தபடி, "ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரப் போயி அவன் மாப்ளன்னு கூப்புட்டானே, அத எழுத முடியாதுல்ல" என்றான்.

ரூபினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனி ஆட்கள் தௌஹீத்தை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகிய பிள்ளை, ஸ்டெத்தாஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு, 'மாப்ள, எனக்குக் குடு' என்று சொன்னது, அந்த டாக்டர் திருதிருவென்று விழித்தது, நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டது எல்லாம் கண்முன்னே வந்தது. தௌஹீத்தும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் மூட்டையிலிருந்து ஒரு சின்ன சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருடமே இருந்த பிள்ளையைப் பற்றி அவர்கள் இருட்டும்வரை பேசினார்கள்.

அப்புறம் லேப்டாப்பைத் திறந்தாள். 'பிறவியிலேயே இருதய நோய் இருந்த என் மகன் ஆதிலை இந்தக் காலம் முழுவதும் நானே பார்த்துக்கொண்டேன்' என்று அடித்தாள்.

"இறந்துட்டான்னும் எழுதணுமா?" என்று கேட்டான் தௌஹீத்.

"அவங்க கேக்கல."

"அப்ப எழுதாத."

எழுதவில்லை.

முடிவு வர மழைக்காலமும் பனிக்காலமும் கழிய வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. மதிப்பெண் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தேறியவர்களின் வரிசைக்குச் சற்றுக் கீழே. மதிப்பீட்டாளர்களில் ஒருவர், இடைவெளிக்குப் பிறகு இவர் வேலைக்குத் திரும்பியிருக்கும் விதம் பாராட்டத்தக்கது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், இரண்டு மூன்று கண்மாய்களை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவுக்கு வரமுடியாது என்று எழுதியிருந்தார்.

ஜெனி கொதித்தாள். "இவங்களுக்கு என்னக்கா தெரியும்? ஒரு தடவ இங்க வந்து சேத்துல இறங்கிப் பாக்கட்டும்."

"இல்ல ஜெனி, அந்த ஆளு சொல்றது சரிதான்" என்றாள் ரூபினா. இரண்டாமவரின் குறிப்பை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். முதலாமவருடையதை ஒரே ஒரு முறைதான் படித்தாள். அது போதுமாக இருந்தது.

அதே திட்டத்தை இனெஸ் கொஞ்சம் சுருக்கி, தங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த ஒரு சின்ன நிதிக்கு அனுப்பினார். மே மாதம் பதில் வந்தது. இரண்டு வருடம் இல்லை, ஆறு மாதம். அக்டோபரில் வரச் சொன்னார்கள்.

அக்டோபர் என்றதும் ரூபினா தயங்கினாள். வடகிழக்கு மழையில் கண்மாய் நிறைகிற நேரம் அது. நத்தைகள் சேற்றுக்குள்ளிருந்து எழுந்து வருவதை அப்போதுதான் பார்க்க முடியும். வந்த வாய்ப்பைத் தள்ளிப்போடச் சொன்னால் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. யோசித்து, பயந்து, கடைசியில் எழுதிவிட்டாள்: 'மழை முடிந்து பிப்ரவரியில் வரட்டுமா? இன்னும் நிறையக் கண்மாய்களில் மாதிரி எடுக்க வேண்டும்.' இனெஸ் சரி என்றார். மாதிரிகளைக் கடல் கடந்து கொண்டுபோக அனுமதி வாங்கவும் அந்த மாதங்கள் தேவைப்பட்டன.

மழைக்காலத்து ஞாயிறுகளில் தௌஹீத் அவளோடு வந்தான். பைக்கில் வலை, வாளி, கண்ணாடிக் குப்பிகள். அவனுக்கு நத்தைகளின் பெயர் எதுவும் வாயில் நுழையவில்லை. ஆனால் குப்பிகளில் எண் ஒட்டுவதில் பிழை விடமாட்டான்.

பரவைக்கு வடக்கே ஒரு கண்மாய்க் கரையில் மாயக்காள் என்ற பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் தன் ஆடுகள் தாடை வீங்கி ஒவ்வொன்றாகச் செத்ததை அவள் ரூபினாவிடம் முன்பே சொல்லியிருந்தாள். அன்று தௌஹீத்தைப் பார்த்து, "இதாரு, ஒங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், எல்லோரும் அடுத்துக் கேட்பதை அவளும் கேட்டாள்.

"பிள்ளைக எத்தன?"

தண்ணீரில் நின்ற ரூபினா நிமிர்ந்தாள். இந்தக் கேள்விக்கு 'இல்லம்மா' என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் அவர்கள் இருவருக்கும் வழக்கமாக இருந்தது.

"ஒரு மகன் இருந்தான்மா" என்றான் தௌஹீத். "ஆதில்னு பேரு. மூணு வயசுல போயிட்டான்."

மாயக்காள் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள். "ஐயோ சாமி. ஒடம்புக்கு என்னப்பா?"

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் ஒரு காலிக் குப்பியை வைத்துக்கொண்டு ஆதிலைப் பற்றி அவளுக்குச் சொல்லத் தொடங்கினான். ஆடுகள் ஈரப்புல்லைக் கடித்தபடி அவர்களைச் சுற்றி நகர்ந்தன. வலையில் வந்த நத்தைகளை வாளியில் கொட்டிவிட்டு, ரூபினா அவன் பேசி முடிக்கும்வரை தண்ணீரிலேயே நின்றாள்.