இரண்டாம் பாதி ஏறாவூரில்

சித்தாண்டிப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கும் டினோஷா மிஸ்ஸுக்கு ஒரு கிறுக்கு இருப்பது ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் தெரியும். 'அலைக்கதவு' என்று யாராவது வாயெடுத்தால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே போய்விடுவாள். பாடத்திலிருந்து தப்ப நினைக்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல வசதி. "மிஸ், கடைசிப் புத்தகத்தில ஒரீனா இரிக்காளே..." என்று தொடங்குவார்கள். மிஸ் வாசலைத் தாண்டியிருப்பாள். இருபத்தாறு வயது, அரசாங்க உத்தியோகம், அதற்குள் இந்தக் கூத்து.

அலைக்கதவு ஏழு தடித்த புத்தகங்கள். ஒவ்வொன்றும் பிறகு சினிமாப் படமாகவும் வரும். ஒரீனா, தாவியா என்ற இரண்டு பெண்பிள்ளைகள் கடலுக்கடியில் இருக்கும் கதவுகளைத் திறந்து ஊர் ஊராகப் போகிற கதை. டினோஷா பதினொரு வயதாக இருக்கும்போது லண்டனிலிருந்து றஜனி சித்தி முதல் புத்தகத்தை அனுப்பினாள். செங்கலடி ரியூசனில் பக்கத்து வாங்கில் இருந்த ஏறாவூர் ஸில்மியாவும் அதற்கு ஆலாய்ப் பறந்தாள். புத்தகம் ஒன்று, ஆள் இரண்டு. இழுபறியைப் பார்த்துப் பொறுக்க முடியாத டினோஷாவின் அம்மா, மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துப் புத்தகத்தின் முதுகில் ஒரே போடாகப் போட்டாள்.

"ஆளுக்குப் பாதி. இனிச் சண்டை பிடிச்சா அடுப்புக்குள்ளதான்."

அதுவே வழக்கமாகிவிட்டது. டினோஷா முதல் பாதியை வாசிக்கும்போது இரண்டாம் பாதி ஸில்மியாவின் வீட்டில் பிணை கிடக்கும். டினோஷா முந்திக்கொண்டு முடிவுக்கு ஓடக்கூடாதே! ஸில்மியாவும் முதல் பாதி கைக்கு வரும்வரை அதைத் தொடக்கூடாது. இருவரும் முடித்த பிறகுதான் படம், அதுவும் சேர்ந்துதான். கதையில் கதவைக் கடக்கிறவர்கள் வாயில் உப்புக்கல்லை அடக்கிக்கொள்வார்கள். கடந்து முடியும்வரை பேசமாட்டார்கள். இவர்களும் கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறினால் கன்னம் புடைக்க ஊமைகளாக இருந்தார்கள். கொண்டக்டர் ஏசினாலும் வாய் திறக்கமாட்டார்கள்.

கடைசிப் புத்தகம் 2019இல் வந்தது. ஒரீனாவும் தாவியாவும் பிரிந்துபோகிற இடத்தோடு முதல் பாதி முடிந்தது. அடுத்த கிழமை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. இடையில் உயிர்த்த ஞாயிறு வந்தது. டவுனில் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்றார்கள். டினோஷாவின் மச்சாள் எமிலி கையும் கழுத்தும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, முஸ்லிம் ஊரான ஏறாவூரின் பெயரையே வீட்டில் எடுக்கவிடவில்லை. ஸில்மியாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையென்பது டினோஷாவுக்குத் தெரியும். ஆனாலும் போகவில்லை. ஃபோனில் 'எப்பிடி இரிக்காய்' என்று எழுதுவாள், அழிப்பாள். நாள் போகப் போகக் கேட்கவே வெட்கமாகிவிட்டது. ஸில்மியா கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போனதும் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது கடைசிப் படமும் வந்துவிட்டது. தம்பி ஜசிந்தன் சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தான்.

"மிச்சத்த ஃபோன்ல இறக்கித் தாறன் அக்கா. வாசிச்சிட்டு வா."

"அது வேற புத்தகம்."

"அதே புத்தகம்தான்!"

"உனக்கு விளங்காது, போடா."

ஸில்மியா லீவில் வந்து நிற்கிறாள் என்ற செய்தியும் அந்தக் கிழமையே காதில் விழுந்தது. அதோடு டினோஷாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினாள். கொப்பி திருத்தும்போது சரிக்குப் பிழை போட்டாள். கதையின் முடிவெல்லாம் ஒரு சாட்டுத்தான். ஸில்மியா கதவைத் திறப்பாளா, திறந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவாளா என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

தன்னாமுனையிலிருந்து அவள் பள்ளிக்குப் போகிற பஸ் நாள்தோறும் ஏறாவூருக்குள்ளால்தான் போகும். புதன்கிழமை அங்கே இறங்கினாள், பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். வியாழக்கிழமை ஸில்மியா வீட்டு ஒழுங்கை முனைவரை போனாள், ஒரு புடவைக் கடைக்குள் புகுந்து வேண்டாத சால்வையொன்றை வாங்கிக்கொண்டு திரும்பினாள். தன் மீதே எரிச்சலாக வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் முதல் பாதியைப் பையில் வைத்துக்கொண்டு, ஒழுங்கை முனையில் நின்று ஒரு உப்புக்கல்லை வாயில் போட்டாள். கல்லடிப் பாலத்தைவிட அந்த ஒழுங்கை நீளமாக இருந்தது.

கேற்றைத் தட்டியதும் ஸில்மியாவின் உம்மா வந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது.

"ஆரு புள்ள? ஆரத் தேடி வந்த?"

டினோஷாவுக்கு வாய் முழுக்க உப்புத் தண்ணீர். வாசற்படியைக் கடக்கவில்லையே, எப்படிப் பேசுவது? துப்பிவிட்டுப் பதில் சொல்ல யாருக்கும் தோன்றும். அவளுக்குத் தோன்றவில்லை. தலையை ஆட்டினாள், கையைக் காட்டினாள்.

"வாய் பேச ஏலாதா? யா அல்லாஹ்!" உம்மா உள்ளே போனார். வெள்ளிக்கிழமைகளில் தர்மம் கேட்டு ஆட்கள் வருவது அங்கே வழக்கம். ஒரு சுண்டு அரிசியோடு திரும்பி வந்து, "பைய விரி மகள்" என்றார்.

டினோஷா பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழித்தாள்.

"ஆருக்கு உம்மா அரிசி?" என்று கேட்டபடி பின்னால் வந்த ஸில்மியா அப்படியே நின்றுவிட்டாள். சேலையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், புடைத்திருந்த கன்னத்தைப் பார்த்தாள்.

"வாய்க்குள்ள உப்பா?"

டினோஷா தலையாட்டினாள்.

ஸில்மியா சிரிக்கத் தொடங்கினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "உள்ளுக்கு வந்து துப்புகா, விசரி!"

துப்பினாள். வாய் கொப்புளித்தாள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. விறாந்தையில் இருவருக்கும் நடுவே பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஏழு வருசம்" என்றாள் ஸில்மியா.

"ஓம்."

ஸில்மியா எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து இரண்டாம் பாதியைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள். கத்தி பட்ட விளிம்பு பழுத்துப்போயிருந்தது.

"கட்டாருக்கும் கொண்டுபோனன். அவர் கேட்டார், பாதிப் புத்தகம் என்னத்துக்கெண்டு."

"நீ தொடல்லத்தானே?"

"தொடாமலோ? உங்கட அம்மா வெட்டின அண்டைக்கே வாசிச்சிட்டன்." கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னாள். "ஏழு புத்தகத்தையும் அப்பிடித்தான். வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு ஆரால ஏலும்?"

"கள்ளி! படத்தில முடிவு வரக்குள்ள என்ட கையப் பிடிச்சிக் கத்துவியே!"

"நல்லா நடிச்சன், என்ன?"

டினோஷாவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பதினைந்து வருட விசுவாசம் மண்ணாகிப்போன கோபம். அதைக் கொட்ட வாயெடுக்குமுன் ஸில்மியா கேட்டாள்.

"ஒண்டு சொல்லு. என்ட பாதி தொடங்கக்குள்ளயே ரெண்டு பேரும் ஆளுக்கொரு கரையில நிக்காளுகள். ஏனெண்டு அதில இல்ல. நானும் யோசிச்சி யோசிச்சிப் பார்த்திட்டன். தாவியா என்ன பிழை செஞ்சாள்?"

சின்ன வயதில் ஆளுக்கொருத்தியைப் பங்குபோட்டபோது தாவியா ஸில்மியாவுக்கு விழுந்தவள். டினோஷா பிளேன்ரீக் கோப்பையைத் தூக்கினாள், குடிக்காமல் வைத்தாள்.

"ஒரு பிழையும் செய்யல்ல" என்றாள். "துறைமுகத்தில தீ வச்சிட்டாங்க. தாவியாட ஆக்கள்தான் வச்சதெண்டு ஊர் சொல்லிச்சி. தாவியாக்கும் அதுக்கும் சம்பந்தமில்லண்டு ஒரீனாக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் ஒரீனா போய்ப் பார்க்கல்ல. அவ்வளவுதான். அதோட என்ட பாதி முடிஞ்சிட்டு."

ஸில்மியா மடியில் இருந்த புத்தகத்தின் வெட்டு விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதைத் தரமாட்டாள் என்றே டினோஷா நினைத்தாள். எழும்பிப் போகவும் கால் வரவில்லை.

"நீ வருவாயெண்டுதான்" என்றாள் ஸில்மியா கடைசியில். "நாளும் கேற்றடிய பார்த்துக்கிட்டு இருந்தன்."

"தெரியும்."

"உனக்குத் தெரியா."

பிறகு நிமிர்ந்து, பழைய விதிகளையெல்லாம் உடைத்துக்கொண்டு, முடிவைச் சொல்லிவிட்டாள்.

"ஒரீனா வாறாள். பிந்தித்தான் வாறாள்."

டினோஷா காதைப் பொத்தவில்லை.

"மறுகா? மறுகா என்ன நடக்கும்?" என்று கேட்டாள்.