மூன்றாவது சனிக்கிழமை

அருங்காட்சியகத்தில் பதினொரு மணிக்குத்தான் காட்சி. ஒன்பதுக்கே வந்த மார்லிஸ், குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல், பீரோ அளவு இருந்த அந்தக் கணினியின் பின்கதவைத் திறந்து முழங்காலிட்டாள். ஐம்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவின் இதே மின்னசோட்டா மாநிலத்தில் செய்தது. பார்வையாளர் தன் பெயரைத் தட்டினால், பெரிய எழுத்தில் காகிதத்தில் அடித்துத் தரும். இப்போது அதற்கு அந்த ஒரு வேலைதான். இரண்டு சனிக்கிழமையாக அதையும் செய்யவில்லை. முதல் வாரம் மெமரி போர்டு போனது. அடுத்த வாரம் அச்சடிக்கும் பெல்ட் அறுந்தது.

தொடர்ந்து மூன்று காட்சிகள் தவறினால் இயந்திரம் கண்ணாடிக் கூண்டுக்குள் போகும் என்பது அந்த அருங்காட்சியகத்தின் விதி. மின்கம்பியையும் வெட்டிவிடுவார்கள்.

புது பெல்ட்டை மாட்டினாள். போன வாரம் இரவல் வாங்கிப் போட்டிருந்த போர்டைத் திருப்பித் தரவேண்டியிருந்ததால், 'நல்லது' என்று எழுதிய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகினாள். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். முழுதாக ஏறுவதற்குள் கூட்டம் வந்துவிட்டது; சோதித்துப் பார்க்க நேரமில்லை.

பதினொன்றுக்குச் சிவப்புத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் முதலில் வந்து தன் பெயரைத் தட்டினார். இயந்திரம் ஒரு வரி நட்சத்திரக்குறியை அடித்துவிட்டு நின்றது.

"என் பேரு மறந்துபோச்சா? எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்!"

கூட்டம் சிரித்துக் கலைந்தது. பொறுப்பாளர் கர்ட் அருகில் வந்தார். அந்தக் காலத்தில் இந்தக் கணினியைச் செய்த தொழிற்சாலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை.

"போதும் மார்லிஸ். அதுவும் தூங்கட்டும், நீயும் தூங்கு. லாக் புக்ல எழுதிடு, புதன்கிழமை கண்ணாடிக்காரன வரச் சொல்றேன்."

"ம்."

துக்கம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது நிம்மதி. இனி சனிக்கிழமை பத்து மணிவரை தூங்கலாம். அப்படி நினைத்த வெட்கத்தோடு போர்டை உருவினாள். ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. செத்த போர்டுக்கு அவளே வைக்கிற அடையாளம். இரண்டு வாரத்துக்கு முன் கழற்றிய அதே போர்டு. களைப்பில் தப்பான பெட்டியில் போட்டிருக்கிறாள்.

லாக் புக்கில் இரண்டு கட்டங்கள்: இயந்திரக் கோளாறு, ஆள் தவறு. ஆள் தவறு அந்த மூன்று கணக்கில் சேராது. முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தாள். பிறகு இரண்டாவது கட்டத்தில் எழுதினாள்.

கர்ட் எட்டிப் பார்த்தார். "கிறுக்கா உனக்கு? யாருக்குத் தெரியப்போகுது?"

"அடுத்த சனிக்கிழமை காட்சி உண்டுன்னு வெளிய எழுதி வை."

"வச்சுத் தொலைக்கிறேன். சாப்பிட வா."

மார்லிஸ் 'நல்லது' பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். ஒன்று தப்பாக வந்திருந்தால் எத்தனை வந்திருக்குமோ. நாற்பத்தொரு போர்டுகள். இனி எதையும் போட்டுப் பார்க்காமல் நம்ப முடியாது.

"எனக்கு இங்கயே கொண்டாந்துடு," என்று சொல்லி, முதலாவதைச் செருகினாள்.