சாதத்தில் பச்சை

கண் பரிசோதனை உள்ள நாளில் மட்டும் சௌரிராஜன் மாத்யாஹ்னிகம் செய்வதில்லை. மற்றபடி டூட்டி இல்லாத மத்தியானம் என்றால், உச்சிவேளையில் நீர் வார்த்து, விரல்களைக் கோத்து, அந்த இடுக்கு வழியாகச் சூரியனைப் பார்த்து மந்திரம் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டான். நூறு வருடம் இதைப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்று வேண்டுகிற மந்திரம் அது. ரயில் என்ஜின் ஓட்டுகிறவர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அழைத்து, சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து அனுப்புவார்கள். அந்த ஒரு நாள், அவனுக்குப் பதிலாக அவன் அப்பா அழகியமணவாளன் சூரியனைப் பார்த்துவிடுவார். எழுபத்து நாலிலிருந்து அவர்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு.

எண்பத்தாறு சித்திரையில் மறுபடியும் பரிசோதனை வந்தபோது அப்பா இல்லை. மார்கழியில் போய்விட்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிய ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது சௌரிராஜனுக்கு அந்தப் பழைய சித்திரை நினைவுக்கு வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. முடித்திருந்தான். கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறும் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு வாசலுக்கு ஓடுகிற பிள்ளை, ரயில் என்ஜினில் கரி போடுகிற ஃபயர்மேன் வேலைக்கு எழுதிப் போட்டு, எழுத்துத் தேர்விலும் பாஸாகிவிட்டான். உத்தர வீதியில் உறவுக்காரர்கள் வாய்க்கு அவல் கிடைத்தது. “பி.எஸ்ஸி. படிச்சுட்டு கரி அள்ளப் போறானாமே!” என்று அம்மா குமுதவல்லியிடமே வந்து துக்கம் விசாரித்தார்கள். கூட்டுறவு பேங்கில் குமாஸ்தாவாக இருந்த அப்பா ஒருவர்தான் அசரவில்லை.

“சக்கரத்தாழ்வாரைச் சேவிச்சுட்டுப் போடா. நீ பண்ணப்போறதும் சக்கரம் ஓட்டற வேலைதானே” என்றார்.

மீதி இருந்தது கண் பரிசோதனை ஒன்றுதான். அன்று காலை கிளம்பும்போது அப்பா கேட்டுக்கொண்டது ஒரே ஒரு காரியம்.

“மாத்யாஹ்னிகத்தை விட்டுடாதே. ஆஸ்பத்திரியில குழாய் இல்லாமலா இருக்கும்?”

குழாய் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில். காலையில் வரச்சொன்னவர்களை உச்சிவெயில் வரை பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். சௌரிக்குப் பக்கத்தில் அவன் காலேஜ் சிநேகிதன் தைரியராஜ். பொன்மலைப் பையன். அப்பா அற்புதசாமி ஒர்க் ஷாப்பில் வெல்டர். “கூப்பிட்டா குரல் குடுடா” என்று அவனிடம் சொல்லிவிட்டு சௌரி குழாயடிக்குப் போனான்.

வழக்கமாக ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை இறக்கிக்கொள்வான். அன்றைக்கு வேலை அல்லவா கேட்கிறான்! கேட்கும்போது இமைத்தால் மரியாதையா? அதுவும் சித்திரை மாதத்துத் திருச்சி வெயில். கண்ணில் தண்ணீர் தாரையாகக் கொட்ட, பகவானே, என்ஜினில் ஏற்றிவிடு என்று நின்ற இடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். இப்படி ஓர் அசட்டுத்தனத்தைச் செய்ய ஸ்ரீரங்கத்துப் பிள்ளையால்தான் முடியும்.

“டேய் சௌரி! உன் பேருடா!”

ஓடினான். இருட்டறை. எதிரே ஒரு பெட்டி, அதில் சின்ன ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் விளக்கு. டாக்டர் இருதயமேரி கண்டிப்பானவர் என்று பெஞ்சிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன கலர்?”

சௌரி பார்த்தான். ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு வட்டம் மிதந்தது.

“பச்சை, மேடம்.”

“இது?”

“பச்சை.”

“இது?”

வட்டம் இப்போது மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்தது. “ரோஸ்” என்றான்.

டாக்டர், “விளக்கை அணைச்சுட்டேன் தம்பி” என்றார்.

தகுதி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவனை யார்தான் என்ஜினில் ஏற்றுவார்கள்?

வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. குமுதவல்லி கூடையிலிருந்து தக்காளியை எடுத்து நீட்டி, “இது என்ன கலர், சொல்லு” என்பாள். “சிவப்பும்மா.” கொத்தமல்லிக்கட்டை நீட்டுவாள். “பச்சைம்மா.” “நன்னாத்தானேடா சொல்றே!” என்று அழுவாள். சௌரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. தக்காளி நிஜமாகவே சிவப்பாகத் தெரிகிறதா, அல்லது ஊரில் எல்லோரும் சொல்வதால் தானும் சிவப்பு என்கிறானா? கொள்ளிடம் பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் இப்போது வாசலுக்குப் போகவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்றான். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவனை இன்னும் வருத்தியது.

தைரியராஜ் சைக்கிளில் வந்தான். அவன் பாஸ். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வாசலில் தயங்கி நின்றவனைச் சௌரியே இழுத்து உட்காரவைத்தான்.

“நீ காலேஜ்ல கலர் கலரா தாவணி பாத்தவன்தானடா. அன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு? உள்ள போறதுக்கு முன்னாடி என்ன பண்ணின?”

சொன்னான். தைரியராஜ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான்.

“அட மடையா! எங்கப்பா சில நாள் கண்ணாடி போடாம வெல்டிங்கைப் பாத்துடுவாரு. மத்தியானம் வந்து உக்காந்து, சோத்துல பச்சையா என்னமோ கெடக்குன்னு எங்கம்மாகிட்ட ஒரே சண்டை. அம்மா தட்டை மாத்துவாங்க. புதுத் தட்டுலயும் பச்சை கெடக்கும்! வா, டாக்டரம்மாகிட்ட போய்ச் சொல்லுவோம்.”

டாக்டர் இருதயமேரி முழுவதும் கேட்கவில்லை. பெரிய வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தானாம் என்று தைரியராஜ் ஆரம்பித்ததுமே நிமிர்ந்தார்.

“என்ன வெளிச்சம்?”

சௌரி வாயைத் திறந்தான். அப்பாவின் முகம் வந்து நின்றது. அவர் கேட்டுக்கொண்டது ஒரே காரியம். அதனால்தான் வேலை போயிற்று என்று அவர் காதில் விழுந்தால், அந்த மனிதர் இனி எந்த முகத்தோடு சூரியனைப் பார்ப்பார்?

“வெல்டிங், மேடம்” என்றான்.

தைரியராஜ் அவனைத் திரும்பிப் பார்த்தான். ஆனால் நல்ல சிநேகிதன், வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “வெறுங்கண்ணால பாக்கறதா அதை? கண்ணே போயிடும். நம்ம கண்ணுக்குள்ள செவப்புக்கு, பச்சைக்கு, நீலத்துக்குன்னு தனித்தனியா ஆள் இருக்கற மாதிரி வெச்சுக்குங்க. பெரிய வெளிச்சம் பட்டா எல்லாம் களைச்சுப்போயிடும். ஒண்ணு சீக்கிரம் எந்திரிக்கும், ஒண்ணு மெதுவா எந்திரிக்கும். எது எந்திரிச்சிருக்கோ அதோட கலர்தான் தெரியும். அதான் முதல்ல பச்சைன்னீங்க, அப்பறம் ரோஸ்னீங்க. அங்க எதுவுமே இல்ல, உங்க கண்ணுதான் களைப்பு தீர்ந்துக்கிட்டு இருந்திச்சு.” அவர் குரல் தணிந்தது. “வியாழக்கிழமை வாங்க, மறுபடி பாக்கறேன். அன்னிக்கு எதையும் பாத்துத் தொலைக்காதீங்க.”

வீட்டிலும் அதே பொய்யைச் சொன்னான். வெல்டிங்கைப் பார்த்தேன், அதனால் தவறாகத் தெரிந்தது, வியாழக்கிழமை திரும்பவும் வரச்சொன்னார்கள். அம்மா பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். அப்பா, “வெல்டிங்கா?” என்று மட்டும் கேட்டார். பிறகு வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்.

வியாழக்கிழமை காலை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவனுக்குப் பின்னால் அப்பா வந்து நின்றார். மறுபடியும் அதே வார்த்தை வரப்போகிறது, அப்பாவிடம் இன்னொரு பொய் சொல்லவேண்டும் என்று சௌரி செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கு மாத்யாஹ்னிகம் பண்ண வேண்டாம்” என்றார் அப்பா.

சௌரி நிமிர்ந்தான்.

“நாப்பது வருஷமா தினம் பாக்கறேன்டா, எனக்குத் தெரியாதா? பாத்துட்டு வந்து இலையில உக்காந்தா சாதத்துல பச்சையா ஒரு வட்டம் கிடக்கும். அது போற வரைக்கும் கைவைக்காம இருப்பேன். உங்கம்மா, நான் பெருமாளை நினைச்சுண்டு உக்காந்திருக்கேன்னு நினைச்சுண்டிருக்கா.” அவர் சிரிக்கப் பார்த்தார். “நான் சொல்லித்தானேடா பாத்தே. எனக்காக ஏன்டா பொய் சொன்னே?”

சௌரி தரையில் விழுந்து சேவித்தான்.

“எழுந்துரு, பஸ் போயிடும். உன் பங்கையும் சேத்து நானே பாத்துடறேன். நீ போய் சிவப்பைச் சிவப்புன்னு சொல்லிட்டு வா.”

சொல்லிவிட்டு வந்தான். கரி அள்ளினான். டீசல் வந்ததும் டீசலுக்கு மாறினான். கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறும்போது, கொல்லையில் நிற்கிற அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று ஒரு விசில் அதிகமாகவே கொடுத்தான். ஒவ்வொரு பரிசோதனை நாளிலும் அவன் வீடு திரும்பியதும், அப்பா ரிசல்ட் கேட்குமுன் தன் ரிசல்டைச் சொல்வார். “ரெண்டு பேருக்கும் பாத்தேனா, இன்னிக்கு சாதம் பூரா பச்சைடா!”

எண்பத்தாறிலும் பாஸ்தான். இருட்டறையில் சிவப்பு சிவப்பாக, பச்சை பச்சையாக, ஒழுங்காகத் தெரிந்தது. புது டாக்டர் முதுகில் தட்டி அனுப்பினார். வெளியே வந்து, சொல்ல ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தபோதுதான் சௌரிராஜனுக்கு இன்னொன்றும் உறைத்தது. இன்றைக்கு அவன் பங்கை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே மொட்டைமாடிக்குப் போனான். வேளை தப்பிவிட்டது. தப்பினதற்கு ஒரு கை நீர் அதிகம் வார்த்துவிட்டு, விரல்களைக் கோத்துச் சூரியனைப் பார்த்தான். தனக்காக ஒருமுறை. கண்ணை மூடித் திறந்து, அப்பாவுக்காக இன்னொரு முறை.

கீழே மனைவி வத்ஸலா இலை போட்டுச் சாதம் வைத்தாள். வெள்ளைச் சாதத்தின் நடுவில் அந்தப் பச்சை வட்டம் வந்து உட்கார்ந்தது. ஓரத்தில் லேசாக ரோஸ்.

“என்ன அப்படியே உக்காந்திருக்கேள்? ரசம் ஆறறது” என்றாள் வத்ஸலா.

“இரு. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்” என்றான்.

பச்சை மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. அது முழுவதும் போகிற வரைக்கும் அவன் சாதத்தில் கை வைக்கவில்லை.