இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே லெட்சுமி

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மடத்தனத்தில் பிறந்தது. பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டு ஒன்றாகப் படித்த நாங்கள் முப்பது வருடம் கழித்து இந்தச் சனிக்கிழமை கூடுகிறோம். "ஜரீனா, நீதானே கம்ப்யூட்டர்காரி" என்று அழைப்பு அனுப்பும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

2

[இந்தக் கதைக்கு முதலில் எழுதிய தொடக்கம்: "கிள்ளானில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது லெட்சுமி சன்னலோரம்..." அதை அடித்து நீக்கிவிட்டேன். அன்று மழையே இல்லை.]

அழைப்பு போனவர்களின் பெயர்களை ஒரே வரியில் வைத்திருந்தேன்: ரமணி,சீதாலெட்சுமி,ராதாகிருஷ்ணன். யாருக்கும் இரண்டு தடவை போகக்கூடாதே! அதனால், பெயர் அந்த வரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரல் அனுப்பும். இப்போது கிள்ளானில் இருக்கும் எங்கள் லெட்சுமியின் முறை வந்தது. சீதாலெட்சுமிக்குள்ளேயே லெட்சுமி இருக்கிறாளே. 'போயாச்சு' என்று தாண்டிவிட்டது.

எனக்காகப் பிரம்படி வாங்கிய லெட்சுமி. அட, என் புத்தியே!

3

வகுப்பிலும் இதே கூத்துதான். டீச்சர் பெயர் கூப்பிடும்போது "சீதா..." என்று மூச்சு வாங்கி, "லெட்சுமி" என்பார். சீதாவுக்கு முன்னால் லெட்சுமி எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்!" என்பாள். வகுப்பே சிரிக்கும், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருக்கிறது.

4

லெட்சுமிக்கு அழைப்பு போகவில்லை என்பது நேற்று சீதாலெட்சுமி சொல்லித்தான் தெரிந்தது. உடனே கிள்ளானுக்குப் போன் போட்டேன்.

"சீதாவுக்கு வந்துருச்சு, ரமணிக்கு வந்துருச்சு. நம்மள யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறான்னு விட்டுட்டேன்லா" என்றாள் லெட்சுமி.

"அய்யோ, இல்லலா! சீதா பேருக்குள்ள ஒன் பேரு இருந்துச்சா, கம்ப்யூட்டரு ஒனக்கும் அனுப்பியாச்சுன்னு நெனச்சிருச்சு."



"அப்ப சீதா பேருக்கு நானா எழுந்து நின்னேன். இப்ப கம்ப்யூட்டரே என்னைய நிக்க வச்சிருச்சா?"

சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

"சனிக்கிழமை வருவியா?"

"பாக்கலாம்."

5

நிரலைத் திருத்திவிட்டேன். பெயரின் இருபுறமும் காற்புள்ளி வைத்துத் தேட வேண்டும்: ,லெட்சுமி, என்று. வரியின் இரு முனையிலும் ஒவ்வொன்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் நிற்கும் ரமணியும் கடைசியில் நிற்கும் ராதாகிருஷ்ணனும் அதன் கண்ணில் படாமல் இரண்டாவது அழைப்பு பெறுவார்கள். அது ஐந்து நிமிட வேலை.

(முடிவு அ: வருகிறாள், கட்டிக்கொள்கிறோம். சினிமாத்தனம். முடிவு ஆ: நாற்காலி காலியாகவே... இதை எழுத எனக்கு மனசில்லை.)

'பாக்கலாம்' என்பதற்குள் வருவேனும் இருக்கிறது, வரமாட்டேனும் இருக்கிறது. எந்தக் காற்புள்ளி போட்டு அதைப் பிரிப்பது?

சனிக்கிழமை பெயர் கூப்பிடப்போவது நான்தான். "சீதா..." என்று வேண்டுமென்றே மூச்சு வாங்குவேன். அப்புறம் "லெட்சுமி" என்பேன்.

எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.