கொலோசெ ஊர்க்காரர்களுக்காக

ஆவுடைத்தாய் புது சிம் வாங்கிப் போட்ட மறுநாளே அந்தக் குரல் வர ஆரம்பித்தது. காலையில் ஆடுகளைப் பத்திக்கொண்டு கிளம்பும் நேரத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு வந்து விழும். வயதான பெண் குரல். "ஆண்டவரே, எங்க பிரியதர்ஷினிய நினைச்சுக்கிடும்" என்று தொடங்கி, கொஞ்ச நேரம் ஓடி முடியும்.

யாரோ விட்டுப்போன நம்பரைத்தான் கடைக்காரன் தன் தலையில் கட்டியிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. முதல் வாரத்தில் ஒரு பெண்ணும் கூப்பிட்டு, "பிரியதர்ஷினி இருக்காளா?" என்று கேட்டிருந்தாள். அவளிடம் "அந்தப் பிள்ளை இங்க இல்ல தாயி" என்று சொன்ன ஆவுடைத்தாய், இந்தக் குரலிடம் மட்டும் சொல்லவில்லை. கேட்க நன்றாயிருந்தது.

கழுகுமலைக்குத் தெற்கே அவர்கள் காட்டில் முதல் மழைக்கு விதைத்த உளுந்து முளைவிட்டுக் கருகிப் போயிருந்தது. அதிலிருந்து புருஷன் மாயகிருஷ்ணன் வாயைத் திறந்தாலே எரிந்து விழுந்தான். யாரோ ஒருத்திக்குச் சொல்லப்பட்ட நல்ல வார்த்தைகளை, அவள் ஆடுகளுக்குப் பின்னால் நடந்தபடி கேட்டுக்கொண்டாள்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அந்த அம்மாள் பிரியதர்ஷினிக்கு நல்ல வேலை வேண்டும், நல்ல மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்கவே இல்லை. "அவளுக்கு அறிவு வளரட்டும். பொறுமையைக் குடும். பொறுமையா இருக்கும்போதே சந்தோஷத்தையும் குடும்" என்றுதான் கேட்டாள்.

பொறுமையில் என்ன சந்தோஷம்? பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதற்குப் பேர்தானே பொறுமை? வெயிலில் நின்று யோசித்து யோசித்துப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் அந்த நம்பருக்கே போன் போட்டாள்.

"அம்மா, நான் பிரியதர்ஷினி இல்ல. இவ்வளவு நாளும் கேட்டது நான்தான். கோவிச்சுக்கிடாதீங்க. ஒரு சங்கதி கேக்கணும்."

யார், எந்த ஊர் என்று அந்த அம்மாள் விசாரித்தாள். பிறகு, "கோவில்பட்டிக்கு வந்தா வீட்டுக்கு வாம்மா" என்றது குரல்.

ஆட்டுக்கு மருந்து வாங்கப் போன அன்று ஆவுடைத்தாய் அந்த வீட்டைத் தேடிப் போனாள். குரலுக்குச் சொந்தக்காரரான ஞானசுந்தரி, டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் அடிபட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். பிரியதர்ஷினி அவரிடம் படித்த பிள்ளை. அம்மா இறந்த பிறகு கோயம்புத்தூர் மில் வேலைக்குப் போனவள், யாரிடமும் பேசவில்லை.

"நீலக் குறி விழுந்துச்சு. பதில்தான் போடல, கேக்கவாவது செய்யுதாளேன்னு இருந்தேன்" என்றார் டீச்சர். அவர் கண் கலங்கியதும் ஆவுடைத்தாய்க்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

"எப்பவோ சொல்லியிருக்கணும் டீச்சர்."

"விடும்மா. என்ன கேக்கணும்னியே?"

ஆவுடைத்தாய் பொறுமையைப் பற்றிக் கேட்டாள்.

"அது என் வார்த்தை இல்ல. பவுல்னு ஒருத்தர், ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி கொலோசென்னு ஒரு ஊருக்கு எழுதின கடிதத்துல இருக்கு. அவரு அப்ப ஜெயில்ல இருந்தாரு. அந்த ஊருக்காரங்க முகத்தையே பாத்தது கிடையாது."

"பாக்காத ஆளுகளுக்கா சாமி கும்பிட்டாரு?"

"நல்லா இருக்காங்கன்னு கேள்விப்பட்டாரு. அன்னைல இருந்து விடாம அவங்களுக்காக ஜெபம் பண்ணுதேன்னு எழுதுதாரு."

"சரி, பொறுமையில எப்படிச் சந்தோசம் வரும்?"

டீச்சர் சிரித்துவிட்டார். "எனக்கும் தெரியலம்மா. இடுப்பு வலிக்கிற அன்னைக்கு எரிச்சல்தான் வருது. அதனாலதான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அந்தப் பதில் ஆவுடைத்தாய்க்குப் பிடித்திருந்தது. திடீரென்று அவளுக்கு முதல் வாரத்தில் கூப்பிட்ட பெண்ணின் ஞாபகம் வந்தது. போனில் தேடி அந்த நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டாள். மில் விடுதியில் பிரியதர்ஷினியோடு முன்பு தங்கியிருந்தவள் அவள். விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். காப்பி குடித்து முடிப்பதற்குள் வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஆவுடைத்தாய் ஸ்பீக்கரைப் போட்டு டீச்சர் கையில் கொடுத்தாள்.

"டீச்சர், நான்தான்." மெலிந்த குரல். "நான் இப்பல்லாம் ஜெபம் பண்றதில்ல டீச்சர். கோயிலுக்கும் போறதில்ல. அதான் உங்ககிட்டப் பேசப் பயமா இருந்துச்சு."

"நீ பண்ணலன்னா என்ன ஏட்டி? நான் பண்ணுதேன்லா. ஒன்னைக் கேட்டுக்கிட்டா பண்ணுதேன்? சாப்ட்டியா, அதைச் சொல்லு."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. ஆவுடைத்தாய் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். உள்ளே அவர்கள் நெடுநேரம் பேசினார்கள்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டீச்சர் அவள் கையைப் பிடித்தார். "ஒன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணட்டுமா? ஒங்க சாமி வேற, அதனால கேக்கேன்."

"தாராளமாப் பண்ணுங்க. நல்ல வார்த்தைதான டீச்சர்" என்றவள், புருஷன் பேரையும் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் பேச்சு வந்தது. ஆட்டுக்கிடையில் மறிக்குட்டிகளை அடைத்துக்கொண்டிருந்த மாயகிருஷ்ணன், முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பெண்டாட்டி பேரையும் தன் பேரையும் சொல்வதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"யாரு அது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாதியில் எரிந்து விழுவான் என்று நினைத்தாள். அவன் கயிற்றைக் கையில் சுற்றியபடி கடைசிவரை கேட்டான்.

"அந்த ஜெயில்ல இருந்த ஆளு அப்புறம் வெளிய வந்தாரா?"

"தெரியலியே."

"அதைக் கேக்காம வந்துட்டியே!"

"இருங்க" என்று சொல்லி, ஆவுடைத்தாய் டீச்சருக்குப் போன் போட்டாள்.